துளை ஒன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாதது ஏன்?

செபராங் பிறையிலிருந்து எழுதியிருக்கும் ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மற்றவர்களும் பின்தொடர வசதியாக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குப் போகும் மகனுக்கு வாங்கிய மடிக்கணினியோடு டைப்-சி சார்ஜர் ஒன்று வந்திருக்கிறது. இனி வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று நினைத்துப் பழைய கேபிள்களையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டி வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு மாமியாரின் இரத்த அழுத்தக் கருவி சார்ஜ் ஏறவில்லை. உங்கள் சாம்சங் கைப்பேசி ஏறுகிறது, ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. கணவரின் பழைய ஐபோனில் அந்தக் கேபிள் நுழையவே இல்லை. பள்ளியில் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைக்கக் கைப்பேசியின் கேபிளைப் போட்டுப் பார்த்தால் படம் வரவில்லை. துளைகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்போது இது எப்படி, இது நிறுவனங்களின் சூழ்ச்சியா, பெரிய சார்ஜர் சிறிய கருவியைக் கெடுத்துவிடுமா, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கேபிள் என்று ஒன்று உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் எரிச்சல் முற்றிலும் நியாயமானது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்வழங்கிகளைச் சோதிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இதை உறுதியாகவே சொல்கிறேன். துளையின் வடிவத்தைப் பொதுவாக்கிய தொழில்துறை, அந்தத் துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அந்தக் கேபிளுக்குள் எந்தெந்தக் கம்பிகள் ஓடுகின்றன என்பதை வாங்குபவரின் கண்ணில் படும்படி எழுதி வைக்கும் கடமையைச் செய்யவில்லை. பத்து வெள்ளி (ரிங்கிட்) கேபிளும் எண்பது வெள்ளி கேபிளும் பார்வைக்கு ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் வீட்டில் எந்தக் கருவியும் பழுதாகியிருக்க வாய்ப்பில்லை. எழுதப்படாத அந்த விவரங்கள் தெரிந்துவிட்டால் நான்கு சிக்கல்களும் தீர்ந்துவிடும்.

மாமியாரின் கருவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உடல்நலம் சார்ந்தது அதுதான், விளக்கத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. பழைய செவ்வக வடிவ யூஎஸ்பி துளை, அதாவது டைப்-ஏ, தன்னோடு எது இணைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. எப்போதும் 5 வோல்ட் மின்னழுத்தத்தை வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். டைப்-சி துளை அப்படியில்லை. யாராவது கதவைத் தட்டினால் மட்டுமே திறக்கும் வீட்டைப் போன்றது அது. மறுமுனையில் மின்சாரம் பெற வேண்டிய கருவி ஒன்று இருக்கிறது என்று தெரியும்வரை அது மின்சாரமே தராது. அந்தத் தட்டல் எங்கிருந்து வருகிறது என்றால், கருவிக்குள் இருக்கும் 5.1 கிலோ ஓம் மின்தடையங்கள் இரண்டிலிருந்து. டைப்-சி இணைப்பில் உள்ள 24 தொடுமுனைகளில் இரண்டு இதற்காகவே ஒதுக்கப்பட்டவை. சார்ஜர் அந்த மின்தடையை உணர்ந்த பிறகே 5 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. மலிவான இரத்த அழுத்தக் கருவி, கையடக்க விசிறி, டார்ச் விளக்கு, காதொலிப்பான் பெட்டி போன்ற பலவற்றில் தயாரிப்பாளர்கள் பழைய மைக்ரோ-யூஎஸ்பி சுற்றை அப்படியே வைத்துக்கொண்டு துளையை மட்டும் டைப்-சி ஆக மாற்றிவிடுகிறார்கள். அந்த இரண்டு மின்தடையங்களையும் வைப்பதில்லை. ஒரு சென் கூட ஆகாத உறுப்புகள் அவை. அவை இல்லாத கருவியோடு இரு பக்கமும் டைப்-சி முனை உள்ள கேபிளை இணைத்தால், சார்ஜருக்கு மறுமுனையில் எதுவும் இருப்பதாகவே தெரியாது. பழைய செவ்வக முனையுள்ள கேபிளில் இணைத்தால் உடனே ஏறும், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சார்ஜர் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே பெட்டியில் கட்டி வைத்த கேபிள்களில் ஒரு பக்கம் செவ்வகமும் மறுபக்கம் டைப்-சியும் உள்ள ஒன்றை எடுத்து, பழைய சாதாரண சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அநேகமாக விளக்கு எரியும். இதில் மலிவான தயாரிப்பாளர்கள் மட்டும்தான் தவறினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019-இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பதிப்பில் இரண்டு தொடுமுனைகளுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டிய மின்தடையத்தை ஒன்றாகப் பகிர்ந்து வைத்துவிட்டார்கள். விளைவு, தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் அடையாளச் சில்லு உள்ள நல்ல தரமான கேபிளில் அதற்கு மின்சாரமே கிடைக்கவில்லை. சாதாரணக் கேபிளில் கிடைத்தது. பின்னர் வந்த பதிப்பில் திருத்தினார்கள். தேர்ந்த பொறியாளர்களே சறுக்கிய இடத்தில், இரு முனையும் ஒன்றாகத் தெரியும் ஒரு கேபிளைப் பார்த்து நீங்கள் குழம்பியது உங்கள் குறை ஆகாது.

பெரிய சார்ஜர் சிறிய கருவியைக் கெடுத்துவிடுமா என்ற அச்சத்துக்கு வருகிறேன், இது பல வீடுகளில் உள்ள அச்சம். முறைப்படி செய்த டைப்-சி சார்ஜர் என்றால் கெடுக்காது. மடிக்கணினியின் சார்ஜரில் 65 வாட் என்று எழுதியிருப்பது அதனால் தரக்கூடிய உச்ச அளவு. இணைத்தவுடன் அத்தனையையும் கருவிக்குள் தள்ளிவிடுவதில்லை. எந்தக் கருவியானாலும் தொடக்கம் 5 வோல்ட்தான். அதன் பிறகு பவர் டெலிவரி என்ற நெறிமுறைப்படி, என்னால் 5, 9, 15, 20 வோல்ட் தர முடியும் என்று சார்ஜர் பட்டியல் அனுப்புகிறது. கருவி அதிலிருந்து தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறது. கேட்கத் தெரியாத கருவிக்கு 5 வோல்ட்டுக்கு மேல் போகாது. உண்மையில் அஞ்ச வேண்டியது உருளை முனை கொண்ட பழைய மின்வழங்கிகளைப் பற்றித்தான். இணைய மோடம், மேசை விளக்கு, பழைய மடிக்கணினி, குழந்தைகளின் மின்பியானோ ஆகியவற்றோடு வரும் அந்த வட்ட முனைகளில் 5.5 மில்லிமீட்டர் அளவே பரவலாக இருக்கிறது. ஒன்றில் 9 வோல்ட், ஒன்றில் 12, மடிக்கணினியினுடையதில் 19 வோல்ட் இருக்கும். அங்கே எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. உள்ள மின்னழுத்தம் அப்படியே பாயும். 12 வோல்ட் மோடத்தில் 19 வோல்ட் முனை சரியாகப் பொருந்திவிட்டால் மோடம் போய்விடும். வீட்டில் அப்படிப்பட்ட மின்வழங்கிகள் இருந்தால், எது எதற்குரியது என்று இன்றே மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

உங்கள் கைப்பேசி மெதுவாக ஏறுவதன் காரணம் வேறு. சாம்சங் தன் அதிவேக சார்ஜுக்குப் பவர் டெலிவரியின் ஒரு பிரிவான பிபிஎஸ் முறையைப் பயன்படுத்துகிறது. 9 வோல்ட், 15 வோல்ட் என்று படிக்கட்டாக ஏறாமல், மின்கலம் அந்த நொடியில் எவ்வளவு விரும்புகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தத்தை 20 மில்லிவோல்ட் அளவான சிறு படிகளில் கூட்டியும் குறைத்தும் தருவது இந்த முறையின் சிறப்பு. இதனால் கைப்பேசிக்குள் வெப்பம் குறைகிறது. மடிக்கணினிகளோடு வரும் சார்ஜர்களில் பல இந்தப் பிரிவைக் கொண்டிருப்பதில்லை, ஏனென்றால் மடிக்கணினிக்கு அது தேவையில்லை. அப்போது கைப்பேசி நிலையான 9 வோல்ட்டோடு நிறைவடைந்து, தன் உச்ச வேகத்துக்குக் கீழேயே ஏறுகிறது. கெடுதல் எதுவும் இல்லை, நேரம்தான் கூடுதலாக ஆகும்.

ஓப்போ நிறுவனத்தின் வூக் போன்றவை இன்னும் தனிவழி. 2014-இல் வந்தபோது அது மின்னழுத்தத்தை உயர்த்தாமல் 5 வோல்ட்டிலேயே 4 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தியது. மின்னழுத்தத்தைச் சீர்படுத்தும் வேலையைக் கைப்பேசிக்குள் வைக்காமல் சார்ஜருக்கு மாற்றியதால் கைப்பேசி சூடாவது குறைந்தது. பொறியியலாகப் பார்த்தால் அது அருமையான யோசனை. ஆனால் அத்தனை மின்னோட்டத்தைத் தாங்க அதற்கென்றே செய்த தடித்த கேபிளும் அதற்கென்றே செய்த சார்ஜரும் வேண்டும். வேறு வீட்டுச் சார்ஜரில் போட்டால் அந்த வேகம் கிடைக்காது. ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களின் உழைப்பால் ஒரு நல்ல முறையைக் கண்டுபிடிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பெட்டியின் மேல் 80 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, எங்கள் சார்ஜரும் எங்கள் கேபிளும் இருந்தால் மட்டுமே என்பதைப் பொடி எழுத்தில் போடுவதைத்தான் கண்டிக்கிறேன்.

இத்தனை முறைகள் ஏன் முளைத்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. யூஎஸ்பி கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகப் பிறந்ததே இல்லை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பாக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி 1996-இல் அதை வெளியிட்டபோது, விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி ஆகியவற்றை ஒரே வகைத் துளையில் இணைப்பதுதான் நோக்கம். அந்த இன்டெல்தான் 1972-இல் நம் பினாங்கில் ஆலை திறந்த நிறுவனம் என்பதால், இந்தக் கதையை எங்கோ நடந்த அயலார் கதையாக நான் பார்ப்பதில்லை. அந்தத் துளையில் மின்சாரம் ஓர் உபசாரமாகத்தான் சேர்க்கப்பட்டது. 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0-இலும் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. சுட்டிக்கு அது தாராளம். பெரிய திரையுள்ள கைப்பேசிகள் வந்த பிறகு அது போதவில்லை. பொது விதி வளரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லாததால், ஒவ்வொருவரும் தரவுக் கம்பிகள் இரண்டையும் வைத்துத் தமக்கென ஒரு சங்கேதம் அமைத்துக்கொண்டார்கள். ஆப்பிள் அந்தக் கம்பிகளில் குறிப்பிட்ட மின்னழுத்தங்களை வைத்துத் தன் சார்ஜரை அடையாளம் காட்டியது; வேறு சிலர் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து அடையாளம் காட்டினார்கள். மைக்ரோ-யூஎஸ்பி காலத்திலேயே ஒருவர் சார்ஜரில் மற்றவர் கைப்பேசி ஆமை வேகத்தில் ஏறியது இதனால்தான். டைப்-சி விவரக்குறிப்பு 2014-இல் வெளிவந்தபோது இந்தச் சங்கேதங்கள் பல ஏற்கெனவே ஆழ வேர்விட்டிருந்தன.

கேபிளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமை பெறாது, ஏனென்றால் சார்ஜரைப் பார்த்து வாங்குகிறவர்கள் கூடக் கேபிளை வெறும் கயிறாக நினைக்கிறார்கள். அதுவும் மின்சுற்றின் ஓர் உறுப்பு. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தொங்கும் மெல்லிய 2 மீட்டர் கேபிளை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் செப்புக் கம்பி பெரும்பாலும் 28 என்ற தடிமன் எண் கொண்டது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டும் என்பதால் மொத்தம் 4 மீட்டர் கம்பி, அதாவது 0.85 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே வெப்பமாக வீணாகிறது. 5 வோல்ட் புறப்பட்டு 3.3 வோல்ட்தான் போய்ச் சேரும். அதில் எந்தக் கைப்பேசியும் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்ற முடியாது. ஆகவே அது தன் தேவையைக் குறைத்துக்கொண்டு அரை ஆம்பியரோடு ஊர்ந்து போகிறது. அதே நீளத்தில் 24 என்ற எண்ணுள்ள தடித்த கம்பி இருந்தால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை 9 வோல்ட்டாக உயர்த்தும் முறைகள் வந்ததற்கும் இதுவே காரணம். 18 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 3.6 ஆம்பியர் வேண்டும். 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். கேபிளில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், அந்த ஒரே மாற்றத்தில் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிள்களில் இன்னொரு பிரிவினையும் உண்டு. 3 ஆம்பியருக்கு மேல் தாங்கும் கேபிள் தன் முனைக்குள் ஒரு சிறு அடையாளச் சில்லு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சார்ஜர் அந்தச் சில்லைக் கேட்டு, பதில் வந்தால் மட்டுமே 5 ஆம்பியர் தருகிறது. பதில் இல்லையென்றால் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்கிறது. 20 வோல்ட்டில் அது 60 வாட். மகனின் 65 வாட் மடிக்கணினியைக் கைப்பேசியோடு வந்த கேபிளில் போட்டால் அது 60 வாட்டோடு நிற்பதன் காரணம் இது. 2021-இல் வந்த பவர் டெலிவரி 3.1 இந்த உச்சத்தை 48 வோல்ட், 5 ஆம்பியர், 240 வாட் வரை கொண்டுபோனது. அதே ஆண்டில் யூஎஸ்பி அமைப்பு, சான்று பெற்ற கேபிள்களில் 60 வாட் அல்லது 240 வாட் என்று முத்திரை இடும் முறையையும் அறிவித்தது. நான் வேண்டுவதும் ஏறத்தாழ இதுதான், ஆனால் சான்று பெற முன்வருகிறவர்களுக்கு மட்டுமே அந்த முத்திரை பொருந்துகிறது. நம் கடைகளில் தொங்கும் கேபிள்களில் பெரும்பகுதி அந்தச் சான்றின் பக்கமே போகாதவை.

பள்ளியில் திரையில் படம் வராததும் கேபிளின் உள்ளடக்கத்தால்தான். கைப்பேசியோடு வரும் கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகளும், யூஎஸ்பி 2.0 காலத்துத் தரவுக் கம்பிகள் இரண்டும், அடையாளத்துக்கான கம்பி ஒன்றும் மட்டுமே பெரும்பாலும் இருக்கும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் அதிவேகக் கம்பி இணைகள் அதற்குள் இல்லவே இல்லை. நொடிக்கு 10 கிகாபிட், 20 கிகாபிட், 40 கிகாபிட் என்று எழுதிய கேபிள்களில் அவை இருக்கும். மடிக்கணினியின் துளையும் படம் அனுப்பும் திறன் உடையதாக இருக்க வேண்டும். ஒரே மடிக்கணினியில் உள்ள இரண்டு டைப்-சி துளைகளில் ஒன்றுக்கு அந்தத் திறன் இருந்து மற்றதற்கு இல்லாமலும் போகலாம். துளையின் பக்கத்தில் திரைக்குரிய குறியோ இடி மின்னல் போன்ற குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பறைக்கு எச்டிஎம்ஐ கேபிள்தான் நம்பகமான வழி என்பது என் கருத்து.

கணவரின் ஐபோன் தனி வகை. ஆப்பிள் 2012-இல் ஐபோன் 5-ஓடு கொண்டுவந்த லைட்னிங் முனையில் 8 தொடுமுனைகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும் முனையை, டைப்-சி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அது தந்துவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கேபிளுக்குள் அங்கீகாரச் சில்லு வைத்து, தன் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே முறையாகத் தயாரிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. 2023-இல் ஐபோன் 15-இல்தான் டைப்-சிக்கு மாறியது. அந்தக் கைப்பேசிக்கு ஒரு பக்கம் டைப்-சியும் மறுபக்கம் லைட்னிங்கும் உள்ள உரிமம் பெற்ற கேபிள் ஒன்று வாங்கினால், மடிக்கணினியின் சார்ஜரையே அதற்கும் பயன்படுத்தலாம்.

சூழ்ச்சியா என்று கேட்டீர்கள். சிலவற்றில் ஆதாயக் கணக்கு இருந்தது, பெரும்பகுதி கவனிப்பின்மை. ஐரோப்பிய ஆணையம் 2009-இல் ஆப்பிள், நோக்கியா, சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்களை அழைத்து மைக்ரோ-யூஎஸ்பியைப் பொதுவாக ஏற்கும் விருப்ப ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள், தனி இணைப்பி தந்தால் போதும் என்ற விலக்கின் வழியே ஆப்பிள் தன் முனையைக் காப்பாற்றிக்கொண்டது. விருப்பத்துக்கு விட்டால் இவ்வளவுதான் நடக்கும் என்பது தெரிந்த பிறகு, 2022-இல் கட்டாயச் சட்டம் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, கைக்கணினி, காதொலிப்பான், புகைப்படக் கருவி உள்ளிட்ட பலவும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினியும் ஐரோப்பிய ஒன்றியத்தில் டைப்-சி துளையோடுதான் விற்கப்பட வேண்டும். இதைவிட முக்கியமான ஒரு விதி அதில் இருக்கிறது: ஒரு நிறுவனம் தன் தனி வேக முறையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 15 வாட்டுக்கு மேல் ஏற்றும் கருவி பொதுவான பவர் டெலிவரியையும் முழுமையாக ஏற்க வேண்டும், தனி முறை அதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. கைப்பேசி நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று தயாரிப்பதில் லாபமில்லை என்பதால் அந்தப் பயன் மலேசியக் கடைகளுக்கும் வந்து சேருகிறது. இரத்த அழுத்தக் கருவிகளும் கைக்கடிகாரங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. முதியவர்கள் நாள்தோறும் நம்பியிருக்கும் கருவி பட்டியலுக்கு வெளியே நிற்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்தக் குழப்பத்தில் இன்னொரு பங்கு 2020-க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டில் ஐபோன் 12-ஓடும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சாம்சங் எஸ்21-ஓடும் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பது நின்றது. மின்கழிவைக் குறைக்கும் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவரை நிறுவனமே பொருத்தம் பார்த்துத் தந்த வேலை அன்று முதல் நம் தலையில் விழுந்தது. அந்த வேலையைச் செய்யத் தேவையான விவரத்தை மட்டும் யாரும் தரவில்லை.

விவரம் எழுதாத கேபிள் வெறும் வேகக் குறைவோடு நிற்பதில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இன் பிற்பகுதியில் இணையத்தில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிடத் தொடங்கினார். செவ்வக முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் மின்தடையம் இருக்க வேண்டும். பல கேபிள்களில் 10 கிலோ ஓம் இருந்தது. அது மறுமுனையில் உள்ள கருவியிடம், இந்தச் சார்ஜர் 3 ஆம்பியர் தரும் என்று பொய் சொல்கிறது. கருவி அதை நம்பி இழுக்கிறது. பழைய சார்ஜரோ கணினியின் துளையோ அளவுக்கு மீறிச் சுமந்து சூடாகிறது. 2016-இல் அவர் சோதித்த கேபிள் ஒன்றில் கம்பிகளே தவறாக இணைக்கப்பட்டிருந்ததால் அவருடைய மடிக்கணினி பழுதானது. அதன் பின் அமேசான் விதிக்குப் பொருந்தாத டைப்-சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்கத் தடை விதித்தது. தனி ஒருவர் பொறுமையாகச் சோதித்து எழுதியதால் வந்த மாற்றம் அது.

இனி உங்கள் வீட்டுக்கு. 65 வாட் தரக்கூடிய, பவர் டெலிவரியும் பிபிஎஸும் இரண்டும் எழுதியிருக்கும், இரண்டு டைப்-சி துளையும் ஒரு செவ்வகத் துளையும் உள்ள சார்ஜர் தலை ஒன்றை வாங்குங்கள். மகன் தன் சார்ஜரோடு விடுதிக்குப் போய்விட்டாலும் வீட்டுக்கு இது போதும். இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் இணைத்தால் அந்த 65 வாட் பங்கிடப்படும். இரண்டாவதை இணைக்கும் நொடியில் முதலாவது ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கினால் பயப்பட வேண்டாம், மறுபடி பேசிப் பங்கிட்டுக்கொள்கின்றன. கேபிளில் 5 ஆம்பியர் அல்லது 240 வாட் என்று முனையிலேயே பொறித்த, 1 மீட்டர் நீளமுள்ள ஒன்றை வாங்கினால் கைப்பேசி, மடிக்கணினி இரண்டுக்கும் ஆகும். 2 மீட்டர் வேண்டுமென்றால் விலை கூடினாலும் தடித்ததையே தேர்ந்தெடுங்கள். செவ்வக முனைக்குள் டைப்-சியைச் செருகுவதற்கென்று விற்கும் சிறு இணைப்பிகளையும், காந்தத்தில் ஒட்டும் மாற்று முனைகளையும் தவிர்த்துவிடுங்கள். முதல் வகையை டைப்-சி விதி அனுமதிக்கவே இல்லை, இரண்டாவதில் வெளியே திறந்து கிடக்கும் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசிவிடும் ஆபத்து உண்டு.

சார்ஜர் தலையில் மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொம்தார் பக்கத்துக் கடைகளிலும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலும் முத்திரை உள்ளதும் இல்லாததும் அடுத்தடுத்தே தொங்கும், விலையில் பெரிய வேறுபாடு இருக்காது. தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினர்கள் வாங்கி வரும் இரட்டை உருண்டைக் கால் சார்ஜர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவர் துளைகள் தட்டையான மூன்று கால்களுக்கு உரியவை. மேல் துளைக்குள் பேனாவை நுழைத்து உள்தடுப்பைத் திறந்து உருண்டைக் கால்களைச் செருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரு நாட்டு மின்னழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உருண்டைக் கால் தட்டையான துளையில் இறுகப் பற்றாமல் பொறி பறந்து சூடாகும். குழந்தைகளின் விரலைக் காக்க வைத்த தடுப்பையும் அது திறந்து வைத்துவிடுகிறது. முறையான மாற்று பிளக் ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

மாமியாரின் கருவிக்குப் பொருந்திய கேபிளை, பழைய சார்ஜரோடு சேர்த்து அந்தக் கருவியின் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். அந்தக் கேபிளிலும் ஏறவில்லை என்றால், துளைக்குள் பஞ்சும் தூசும் அடைந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, மரத்தாலான பல்குச்சியால் மெல்ல எடுத்துவிடுங்கள். ஊசி, குண்டூசி போன்ற உலோகம் எதையும் உள்ளே விடக் கூடாது. அதன் பிறகும் விளக்கு எரியாவிட்டால்தான் அது பழுது. உத்தரவாதக் காலம் இருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். புதிதாக வாங்க நேர்ந்தால், சாதாரண உலர் மின்கலத்திலும் இயங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மின்வெட்டு நாளிலும் அவருக்கு அளவு பார்க்க முடியும்.